பக்கத்துக் காணியில் ஆளுயர மானா: வெட்டச் சொல்லச் சட்டம் இருக்கிறதா?

அப்புத்தளைக்குக் கீழே 15 பேர்ச் (ஏக்கரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு) காணி வாங்கி வீடு கட்டியிருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. வீட்டுக்கு மேலே பைனஸ் (பைன் மர) காடு. கீழே தோட்டக் கம்பனி கைவிட்ட தேயிலை மலை, அதில் மானாப் புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து காய்ந்து நிற்கிறது. பிரான்சில் இருக்கும் மச்சான், "இங்கே வீட்டைச் சுற்றி 50 மீட்டர் துப்புரவாக்காவிட்டால் தண்டம். அங்கேயும் ஏதாவது சட்டம் இருக்கும், விசாரித்துப் பார்" என்றாராம். அப்படியொரு சட்டம் இங்கே உண்டா, கம்பனிக்காரனைப் புல் வெட்ட வைக்க முடியுமா, முடியாவிட்டால் தானே இறங்கி வெட்டலாமா என்று கேட்கிறார்.

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: இல்லை. காட்டுத்தீயைத் தடுப்பதற்காக உன் காணியில் புல்லை வெட்டு, பற்றையை அழி என்று காணிக்காரருக்குப் பொதுவாகக் கடமை விதிக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. அதற்காகக் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருப்பது என்ன என்பதைத்தான் எழுதப்போகிறேன். நான் சட்டத்தரணி. அப்பா இதே ஊவா மாகாணத்தில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஆகையால் மானாப் புல்லை எனக்குக் கோப்பிலும் தெரியும், காலில் கீறியும் தெரியும்.

மச்சான் சொன்னது சரிதான். பிரான்சின் தெற்கே, காட்டிலிருந்தோ பற்றை நிலத்திலிருந்தோ 200 மீட்டருக்குள் வீடு இருந்தால், சுற்றி 50 மீட்டருக்குப் பற்றையை அகற்ற வேண்டும். 2023இல் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். ஆனால் மச்சான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அங்கே அந்தக் கடமை பெரும்பாலும் காட்டுக்குச் சொந்தக்காரன் தலையில் இல்லை, வீட்டுக்காரன் தலையில் இருக்கிறது. 50 மீட்டர் பக்கத்துக் காணிக்குள் போனாலும், அனுமதி கேட்டு, தன் செலவில் வெட்ட வேண்டியவர் வீட்டுக்காரர்தான். பக்கத்துக்காரர் உள்ளே விட மறுத்தால் மட்டும் பொறுப்பு அவர் பக்கம் மாறும். அந்தச் சட்டம் அப்படியே இங்கே வந்தால் மாட்டப்போவது கம்பனி இல்லை தம்பி, நீங்கள்.

கணக்கும் ஒத்துவராது. 50 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் ஏறக்குறைய 7,850 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் சுமார் 310 பேர்ச், இரண்டு ஏக்கருக்குப் பத்துப் பேர்ச்தான் குறைவு. உங்களிடம் இருப்பது 15. தோட்டத்தில் தனிவீட்டுக்குக் கொடுத்த காணி 7 பேர்ச், அது ஒரு பக்கம் பதின்மூன்று மீட்டருக்குக் கொஞ்சம்தான் கூடிய சதுரம். 7 பேர்ச்காரர் 310 பேர்ச்சைத் துப்புரவாக்குவதென்றால் முக்கால்வாசி கம்பனித் தேயிலைக்குள்ளும் மிச்சம் அடுத்த வீட்டுக் கோழிக்கூட்டுக்குள்ளும்தான் நிற்பார். மலையகத்தில் சிக்கலே இதுதான். வீடு ஒருவருடையது, புல் இன்னொருவருடையது, மண் மூன்றாமவருடையது. தோட்டங்களை 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். இன்று பெரும்பாலானவை 53 ஆண்டுக் குத்தகையில் ஓடுகின்றன. மண் அரசுடையது, பயிர் கம்பனியுடையது. புகை மட்டும் நமக்கு.

நமக்குக் கிட்டிய உதாரணம் வேண்டுமானால் பிரான்சை விட்டுவிட்டுத் தென்னாபிரிக்காவைப் பாருங்கள். நட்டஈட்டு விஷயத்தில் அங்கேயும் இங்கேயும் அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் விட்டுப்போனது, ஆங்கிலேயர் தொடர்ந்து வைத்துக்கொண்டது. புல்வெளியும் மலையும் தீயும் அவர்களுக்கும் நம்மைப் போலத்தான். 1998இல் அவர்கள் புல்வெளி, காட்டுத்தீ பற்றித் தனிச்சட்டமே கொண்டுவந்தார்கள். தன் காணியில் தீ தொடங்கவோ காணியைத் தாண்டிப் பரவவோ வாய்ப்பிருந்தால், எல்லையில் தீத்தடைப் பாதை வெட்டிப் பராமரிப்பது காணிக்காரரின் கடமை. நம் தோட்டத்துப் பாஷையில் பயர் பெல்ட். உள்ளூர்த் தீத்தடுப்புச் சங்கத்தில் சேராத காணிக்காரரின் காணியிலிருந்து தீ பரவி வழக்கு வந்தால், அவர் கவனயீனமாக இருந்தார் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டுவது அவர் பாடு. நம் சட்டத்தில் இதற்கு நேர் எதிர். கவனயீனத்தை நிரூபிக்கும் சுமை வீடு எரிந்தவர் முதுகில்.

இங்கே இருப்பவை எல்லாம் "வைக்காதே" என்று சொல்லும் சட்டங்கள். 1907இன் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டப்படி ஒதுக்குக்காட்டில் தீ வைப்பது குற்றம். ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காக்களுக்கு 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம். பிறர் சொத்துக்குக் கேடு செய்யத் தீ வைப்பதும், தீயைக் கவனயீனமாகக் கையாள்வதும் 1883இன் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றங்கள். 2005இன் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் காட்டுத்தீயையும் அனர்த்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தீக்குச்சி கிழித்தவனைப் பிடிக்க இவ்வளவு இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் மானா மலைக்குத் தீ வைத்தவனை யார் பார்த்தது? நம் மலைகளில் இடி விழுந்து தீ பிடிப்பது அருமையிலும் அருமை. மனிதக் கைதான். முற்றிய மானாவை மாடு தொடாது. எரித்துவிட்டால் முதல் தூறலுக்கே இளந்துளிர் வரும், அதை மேயும். வேட்டைக்கும், மரக்கறித் தோட்டத்துக்கும், சும்மா வேடிக்கைக்கும் வைக்கிறவர்களும் உண்டு. கேட்டால் எல்லோரும் "சிகரெட் துண்டு" என்பார்கள்.

"வெட்டு" என்று சொல்லும் சட்டம் இல்லை என்றேனே, "வெட்டாதே" என்று சொல்லும் சட்டம் நிறைய இருக்கிறது. 1951இன் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மண்ணரிப்பு ஆபத்துள்ள இடங்களில் நிலத்தை மொட்டையாகச் சுரண்டிக் களை எடுப்பதையே கட்டுப்படுத்தலாம். காரணம் பழையது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தேயிலைக்கு இடையில் ஒரு புல் தெரியக்கூடாது என்று சுரண்ட வைத்தார்கள். மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போனது. ஆற்றோர, ஓடையோர ஒதுக்குகளில் உள்ளதை அழிக்க அரச காணிகள் சட்டம் விடாது. பலா, ஈரப்பலா போன்றவற்றைத் தறிக்க 1951இன் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். ஊவாவில் இந்த எச்சரிக்கைகளுக்கு அர்த்தம் இருக்கிறது. இங்கே ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று காய வைக்கும் (வறுத்துத் தின்னும் கச்சான் இல்லை, வறுத்தெடுக்கும் கச்சான்). ஒக்டோபரில் மழை தொடங்கும். ஓகஸ்டில் எரிந்தோ சுரண்டியோ மொட்டையான சரிவில், வேரோ புல் மூடாக்கோ இல்லாத மண்ணில், அந்த மழை விழும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மண் சரிந்து வந்தது தீயால் அல்ல. ஆனாலும் அதைப் பார்த்த பிறகு ஒரு சரிவை மொட்டையடிக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு விஷயம் எனக்கு எப்போதும் உறுத்தும். நுளம்புக்கு 2007இலேயே தனிச்சட்டம் கொண்டுவந்தோம். உன் வளவில் நுளம்பு பெருகவிடாதே, சிரட்டையைக் கவிழ், பீலியைத் துப்புரவாக்கு என்று சொந்தக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நேரடிக் கடமை, மீறினால் வழக்கு. சிரட்டைத் தண்ணீருக்குக் காணிக்காரர் பொறுப்பு என்றால், பத்து ஏக்கர் காய்ந்த மானாவுக்கு ஏன் இல்லை? டெங்கு கொழும்புக்கும் வரும், மானாத் தீ வராது என்பதைத் தவிர எனக்கு வேறு விடை கிடைக்கவில்லை.

சரி, கையில் இருப்பதற்கு வருவோம். உங்கள் காணிக்குத் தீ பரவி நட்டம் வந்தால், ரோமன் டச்சுச் சட்டப்படி கவனயீனத்துக்கு நட்டஈடு கேட்கலாம். கேள்வி இதுதான்: நியாயமான ஒரு காணிக்காரர் அந்த இடத்தில் இந்த ஆபத்தை முன்கூட்டியே கண்டிருப்பாரா, கண்டிருந்தால் தடுக்க ஏதாவது செய்திருப்பாரா? கம்பனியின் சட்டத்தரணி எழும்பிச் சொல்லப்போவது எனக்கு மனப்பாடம். "தீ வைத்தது நாங்கள் இல்லை, யாரோ. அந்த மலை பல வருடமாகக் கைவிட்டது. அங்கே இப்படி ஆபத்து இருந்தது எங்களுக்குத் தெரியாது." சும்மா இருந்ததற்காக ஒருவரைப் பொறுப்பாக்குவது எந்த நீதிமன்றத்திலும் கஷ்டம். அந்த "தெரியாது" என்ற சொல்லைப் பிடுங்கிவிட்டால் வழக்கின் முகமே மாறும். பிடுங்குவதற்கு ஒரு பதிவுத் தபால் போதும்.

இரண்டு கட்சிக்காரர்களை நினைத்துக்கொள்கிறேன். ஒருவருக்குப் போஞ்சியும் கோவாவும் போட்ட அரை ஏக்கர், மேலே தோட்டத்து மானா. தீ வந்து தோட்டமும் தண்ணீர்க் குழாயும் போயின. "எத்தனை தரம் பெரிய துரையிடம் சொன்னேன் ஐயா" என்றார், தோட்ட முகாமையாளரைத்தான் அப்படிச் சொல்வார்கள். சொன்னது உண்மையாக இருக்கும், ஆனால் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கொஞ்சக் காசுக்குச் சமரசமாகப் போனார். மற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், எதையும் எழுதி வைப்பவர். மே மாதத்தில் கம்பனிக்கு ஒரு பக்கக் கடிதம், அதில் நான்கு படங்கள், பிரதிகள் பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும். இரண்டாம் கிழமை புல் வெட்டும் மெஷினோடு ஆறு பேர் வந்து எல்லையில் பெல்ட் வெட்டிவிட்டுப் போனார்கள். துரை நல்லவரா கெட்டவரா என்பது இதில் இல்லை. அந்தக் கடிதம் கோப்பில் இருக்கும்வரை, தீ வந்தால் "தெரியாது" என்று சொல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

ஆகவே எழுதுங்கள். யாருக்கு எழுதுவது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். கீழேயுள்ள மலை கம்பனியின் குத்தகையில் இருந்தால் தோட்ட முகாமையாளருக்கும் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கும். மேலேயுள்ள பைனஸ் எழுபது, எண்பதுகளில் அரசு நட்டதாக இருந்தால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் வட்டார அலுவலகத்துக்கு. யாருடைய காணி என்று தெரியாவிட்டால், 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள், எழுத்தில் பதில் கிடைக்கும். கடிதத்தில் கோபம் வேண்டாம். காணியின் இடம், புல்லின் உயரம், உங்கள் சுவருக்கும் அதற்கும் உள்ள தூரம், முன்பு எந்த ஆண்டு தீ வந்தது, எல்லையில் என்ன செய்யக் கேட்கிறீர்கள், இவ்வளவு போதும். "மலை முழுவதையும் வெட்டு" என்று கேட்காதீர்கள், செய்யமாட்டார்கள். எல்லையோரம் பத்துப் பதினைந்து மீட்டர் அகலத்தில் ஒரு பெல்ட் கேட்டால், அது நியாயமான கோரிக்கை என்று நீதவானுக்கும் தோன்றும். கம்பனியிடம் மானாவை அடியோடு அழிக்கவும் கேட்காதீர்கள். மீள்நடுகைக்கு முன் மண்ணைத் தேற்ற ஒன்றரை, இரண்டு வருடம் மானாவோ கௌதமாலாப் புல்லோ நடுவது தேயிலை ஆராய்ச்சி நிறுவனமே சொல்லும் முறை. உங்களுக்குக் கீழே நிற்பது வேண்டுமென்றே நட்டதா, தானாக வந்ததா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்துக்கு அசையாவிட்டால் பொலிஸ் மூலமோ நேரடியாகவோ நீதவான் நீதிமன்றத்துக்குத் தகவல் கொடுக்கலாம். 1979இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு பொதுத் தொல்லைகளை அகற்ற நிபந்தனைக் கட்டளை இடும் அதிகாரத்தை நீதவானுக்குத் தருகிறது. விழக்கூடிய மரத்துக்கு அது நன்றாகப் பொருந்தும். காய்ந்த புல்லுக்கு வாதாட வேண்டும். ஒரு வீட்டுக்கு மட்டும் ஆபத்து என்றால் எடுபடாது. பொதுப்பாதை, பாடசாலை, பல குடும்பம் பாவிக்கும் தண்ணீர் ஊற்று இவற்றுக்கும் ஆபத்து என்று காட்டினால் வழி பிறக்கும். பிரதேச சபையிடமும் பாதையோரப் பற்றைக்காகக் கேட்கலாம். தோட்டத்துக்குள் சபை காசு செலவழிக்கச் சட்டம் தடையாக இருந்த காலம் 2018 திருத்தத்தோடு போய்விட்டது. இன்னும் அந்தப் பழைய பாட்டைப் பாடும் அலுவலர்கள் இருந்தால் திருத்தத்தை நினைவுபடுத்துங்கள்.

நட்டம் நடந்த பிறகு ஓட வேண்டிய ஓட்டம் வேறு. அன்றே பொலிஸ் முறைப்பாடு, கிராம உத்தியோகத்தர் பார்வையிட்டதற்கு ஒரு கடிதம், சாம்பல் ஆறுமுன் படங்கள். தீ எந்தப் பக்கத்திலிருந்து ஏறி வந்தது என்று கண்டவர்களின் பெயர்களையும் எழுதி வையுங்கள். சிறிய தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். அரசுக்கு எதிராக என்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல். நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 1871இன் காலவிதிப்புச் சட்டம் யார் கண்ணீருக்கும் இரங்காது. "கம்பனி பேசித் தருவதாகச் சொன்னது" என்று மூன்றாம் வருடம் வருபவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் என் தொழிலில் மோசமான பகுதி.

இனி உங்கள் 15 பேர்ச். மற்றவரைக் கவனயீனம் என்று சொல்லப்போகிறவரின் வளவு முதலில் ஒழுங்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "உன்னுடைய பங்கும் இருக்கிறது" என்று நட்டஈட்டைக் குறைப்பார்கள். தீ மேட்டை நோக்கித்தான் ஓடும். சரிவு பத்துப் பாகை கூடினால் வேகம் இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்களின் கைக்கணக்கு. ஆகையால் கீழ்ப்பக்கம்தான் உங்களுக்குப் பெரிய ஆபத்து, வெட்டும் பலத்தை அங்கே போடுங்கள். வெட்டுங்கள், சுரண்டாதீர்கள். நாலு விரல் உயரம் விட்டு அறுத்தால் வேர் மண்ணைப் பிடித்திருக்கும், எரிய ஒன்றும் இருக்காது. புல்லை வேரோடு சுரண்டும் சொறண்டியை உள்ளே வையுங்கள். கிளைபோசேட் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். நின்றபடி செத்த புல்லைப்போல எரிவது வேறொன்றும் இல்லை.

மேல்பக்கப் பைனஸிலிருந்து நெருப்பு இறங்கி வருவதைவிடத் தணல் பறந்து வருவதுதான் அதிகம். பீலியிலும் கூரை மடிப்பிலும் சேரும் பைனஸ் ஊசியை வாரத்துக்கு ஒருதரம் அள்ளுங்கள். அது லேசில் உக்காது, பிசின் வேறு. சுவரோரம் அடுக்கிய விறகையும் மிலாற்றுக் கட்டையும் (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளை) வறண்ட மாதங்களில் தள்ளி வையுங்கள். வெட்டிய புல்லை எரிக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தீக்குப் பயந்து துப்புரவாக்கி அதைக் குவித்து எரித்தே மலையைக் கொளுத்தியவர்களை நான் நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன். மரக்கறிப் பாத்திக்கு மூடாக்குப் போடுங்கள், மிச்சத்தைக் குழியில் உக்க விடுங்கள். இதெல்லாம் ஊவாப் பக்கத்தில் மே முடிவுக்குள். நுவரெலியாப் பக்கத்தில் இருப்பவர்கள் டிசெம்பருக்குள், ஏனென்றால் அங்கே ஜனவரி, பெப்ரவரிப் பனி புல்லைக் கருக்கிக் காய வைத்துவிடும்.

அப்பா இருந்த தோட்டத்தில் ஒரு ஓகஸ்டில் மேல்மலையில் தீ வந்தது. தப்படித்து ஆட்களைக் கூப்பிட்டார்கள். கொழுந்துக் கூடையைப் போட்ட கையோடு பொம்பளை ஆட்களும் பச்சைக் கொப்பு ஒடித்துக்கொண்டு ஏறினார்கள். தேயிலை நின்ற இடத்தில் தீ தடுமாறியது. பச்சைத் தேயிலை இலேசில் பற்றாது. கவ்வாத்து வெட்டி மிலாறு காய்ந்து கிடந்த மலையில்தான் பிடித்துக்கொண்டது. அன்றிரவு வீட்டுக்கு வந்த அப்பாவின் புருவத்தில் மயிர் இல்லை. அந்தத் தீயைத் தடுக்கும் கடமை யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை, அணைக்கும் வேலை யாருக்கு என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

கடைசிக் கேள்வி: நீங்களே கம்பனி மலையில் இறங்கி வெட்டலாமா? அனுமதி இல்லாமல் கூடாது. பிறர் காணிக்குள் அத்துமீறல், அதோடு "தேயிலைக் கன்றை வெட்டிவிட்டான்" என்று பொலிசுக்குப் போனால் நீங்கள்தான் எதிராளி. எழுத்தில் கேளுங்கள்: எல்லையிலிருந்து இத்தனை மீட்டர், என் செலவில், தேயிலையைத் தொடாமல், புல்லை மட்டும். சம்பளம் இல்லாமல் வேலை நடப்பதை வேண்டாம் என்ற துரையை நான் இன்னும் காணவில்லை. அப்படியே மறுத்தாலும் மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அது முதல் கடிதத்தைவிடப் பெறுமதி. அந்த மலையில் மானாவுக்குப் பதில் கினிப்புல்லாக இருந்தால் உங்களுக்குச் செலவே இல்லை. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) மாடு வைத்திருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள், கட்டுக்கட்டாக அவர்களே அறுத்துக்கொண்டு போவார்கள். கச்சான் தொடங்க இன்னும் நாள் இருக்கும்போதே தபாற்கந்தோருக்குப் போய்வாருங்கள். பதிவுத் தபால் பற்றுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள்.